கார் கீறலுக்குப் பட்டறை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கார் வாங்கியவர்கள், முதல் கீறல் விழுந்ததும் பதறிப்போய், கண்ணில் பட்ட பட்டறையில் வண்டியை விட்டுவிடுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பெயிண்ட் வேலையைக் கற்பதற்கு முன் நானும் அப்படித்தான் இருந்தேன். நாலு இடத்தில் விலை கேட்க வேண்டும் என்பது போன்ற எல்லோரும் அறிந்த செய்திகளை விட்டுவிட்டு, உண்மையில் இழப்பைத் தருபவற்றை மட்டும் சொல்கிறேன்.

கீறலின் ஆழம் பார்க்காமல் பெயிண்டுக்கு ஒப்புக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். காரின் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சும், அதன் மேல் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க உதவும் பிரைமரும், நிறம் தரும் பேஸ் கோட்டும், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட்டும் இருக்கின்றன. இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான் வரும். அதில் கிளியர் கோட் ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரான். அன்றாடம் விழும் கீறல்களில் பல, இந்த மேலடுக்கைத் தாண்டுவதே இல்லை.

அந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்காமல் வழுக்கிச் சென்றால், பெரும்பாலும் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசை போட்டுப் பாலிஷ் செய்தாலே போதும். பிரைமரோ தகடோ கண்ணுக்குத் தெரிந்தால் பெயிண்ட் தேவை. இடைப்பட்ட நிலையில்தான் அனுபவமுள்ளவரின் கண் வேண்டும்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரின் கார்க் கதவில் நகம் சிக்காத கீறல் ஒன்று இருந்தது. கதவு முழுவதையும் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்ல, அவரும் சரியென்றார். சில மாதங்களில் அந்தக் கதவு மட்டும் வெயிலில் வேறு நிறமாகத் தெரிந்தது; பக்கத்துப் பாகத்துக்கும் அடித்தால் சரியாகிவிடும் என்று மீண்டும் பணம் கேட்டார்கள். பிறகு காரை விற்கப் போனபோது, வாங்க வந்தவர் பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, வண்டி விபத்தில் சிக்கியது என்றே முடிவு செய்து விலையைக் குறைத்தார்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு, அந்தக் கதவின் அசல் பெயிண்ட் போனதுதான். தொழிற்சாலையில் வெறும் கூடாக இருக்கும்போதே பெயிண்ட் அடித்து, 140 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். வயரும் பிளாஸ்டிக்கும் பொருத்திய காரைப் பட்டறையில் அவ்வளவு சூடாக்க முடியாது. 60 டிகிரியை ஒட்டியே உலர்த்துவார்கள். திறமையான பெயிண்டர் அடித்தது பல ஆண்டுகள் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அது முழுக்க அவர் கையைப் பொறுத்தது. ஆகவே, "இதற்குப் பெயிண்ட் வேண்டாம், பாலிஷ் போதும்" என்று தாமாகவே சொல்லும் பட்டறையைத்தான் நான் முதலில் நம்புவேன்.

கலர் கோடு இருந்தால் நிறம் பொருந்திவிடும் என்று நம்புவது

கலர் கோடு என்பது காரின் நிறத்துக்குத் தயாரிப்பு நிறுவனம் தரும் குறியீடு. ஒரே குறியீடுள்ள நிறத்திலும் சாயல் வேறுபாடுகள் உண்டு. காரின் நிறமும் வெயிலில் மங்கியிருக்கும். குறிப்பாக மெட்டாலிக் நிறங்களில், தெளிக்கும் விதம் மாறினாலே சாயல் மாறிவிடும். முதலில் சிறு அட்டையில் அடித்து, காரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களா என்றும், நிறத்தைப் பக்கத்துப் பாகத்தில் படிப்படியாகக் கலக்கவிடுவார்களா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குச் சலித்துக்கொள்ளும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

கழற்றாமல் டேப் ஒட்டி அடிக்க விடுவது

கைப்பிடி, கண்ணாடி ஓர ரப்பர் ஆகியவற்றைச் சுற்றி டேப் ஒட்டி அடித்தால், பிற்காலத்தில் கிளியர் கோட் உரியத் தொடங்குவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

வாய்ப்பேச்சோடு முடிப்பது

எந்தப் பாகம், என்ன வேலை, எவ்வளவு கால உத்தரவாதம் என்பதை எழுதி வாங்குங்கள்.

இருட்டிய பின் வண்டியை எடுப்பது

நிற வேறுபாட்டைப் பட்டறையின் குழல்விளக்கு மறைத்துவிடும். பகல் வெளிச்சத்தில், காரை நேராகவும் பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். பாலிஷ் மட்டும் செய்திருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து அந்த இடத்தை உங்கள் முன்னாலேயே துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பசையால் மூடி மறைத்த கீறல் அப்போதே வெளிப்பட்டுவிடும்.