சிப்போர்டு அலமாரியின் விளிம்பு நசுங்கினால் செய்யக்கூடாதவை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து வீடுகளில் சமையலறை அலமாரியும் துணி அலமாரியும் பிள்ளைகளின் படிப்பு மேசையும் பெரும்பாலும் 16 மி.மீ. மெலமைன் பலகையில், அதாவது மெலமைன் தாள் ஒட்டிய சிப்போர்டில் செய்தவை. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்ய நகர்த்தும்போது கதவுநிலையில் இடித்து ஒரு மூலை நசுங்கிவிடும். இது வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய வேலைதான். ஆனால் சிப்போர்டை மரம் என்று நினைத்துக் கையாளுவதால்தான் பாதிக்கு மேல் கெட்டுப்போகிறது.

முதல் தவறு, ஈரத்துணியைப் போட்டு அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைப்பது. தேக்கு மேசையில் விழுந்த பள்ளம் அப்படிச் செய்தால் எழும்பும், ஏனென்றால் மரத்தின் நார் அறுபடாமல் அழுந்தி மட்டும் கிடக்கிறது. சிப்போர்டு என்பது மரச்சில்லுகளைப் பசையில் புரட்டி, சூடேற்றி, அழுத்திச் செய்த பலகை. ஈரமும் சூடும் சேர்ந்து உள்ளே போனால் சில்லுகள் உப்பிப் பசைப்பிடிப்பை உடைத்துவிடும். காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. 2 மி.மீ. பள்ளத்தைச் சரிசெய்யப் போய், அதைச் சுற்றி விளிம்பு முழுவதும் 18 மி.மீ. ஆகிவிடும்.

அடுத்தது, உதிரும் துகளின் மேலேயே பட்டி பார்ப்பது. பட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது பிடித்திருக்கும் துகளே உதிர்ந்தால் ஒரு மாதத்தில் முழுக்கட்டியாகக் கழன்று விழும். மேல்தாள் பிய்ந்து நிற்கும் இடத்தைக் கையால் இழுக்காதீர்கள், நல்ல இடத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். கூர்மையான பிளேடால் கோடு போட்டு அறுத்து எடுங்கள். தளர்ந்த துகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மிச்சமிருப்பதைப் பசையால் இறுக்க வேண்டும். சில்லுகள் பிளந்து வாய் திறந்திருந்தால் கோல்ட் குளூவை (மர வேலைக்கான வெள்ளைப் பசை) மெல்லிய கத்தி முனையால் உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து க்ளாம்ப் போடுங்கள். கட்டைக்கும் பலகைக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் இல்லையென்றால் கட்டையும் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் அப்படியே விடுங்கள். ஜொஹானஸ்பர்க், லெனேசியா பக்கம் குளிர்கால இரவில் கராஜில் வைத்து ஒட்டினால் கோல்ட் குளூ காய்ந்ததும் சுண்ணாம்புபோல் வெளுத்துப் பலமில்லாமல் போகும். 10 டிகிரிக்குக் குறைந்தால் வீட்டுக்குள் வைத்து ஒட்டுங்கள்.

வெறும் பொடியாக இருந்தால் தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூ போதும். சொட்டுச் சொட்டாக விட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். வழிந்ததைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டாம். பருத்தி பட்டதும் அது விரலைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

பட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுவர் விரிசலுக்கு வாங்கி மீந்த பொடி வீட்டில் இருக்கும், அதையே குழைத்து அப்பிவிடுவார்கள். அதில் தண்ணீர் இருக்கிறது, காய்ந்தால் சுருங்கும், மூலையில் லேசாக இடித்தாலே உதிரும். இடிபடும் விளிம்புக்கு இரண்டே சரி: ப்ராட்லி புட்டி மாதிரியான எபாக்சி, அல்லது மோட்டர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும், கார் பள்ளத்தை நிரப்பும் பாடி ஃபில்லர். எபாக்சியின் இரண்டு பாகத்தையும் சம அளவு எடுத்து, நிறக்கோடு மறையும் வரை பிசைய வேண்டும். பாடி ஃபில்லரில் 50 கிராமுக்கு ஹார்டனர் 1 கிராம், அதாவது ஒரு பட்டாணி அளவு. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் பிதுக்கினால் கத்தியில் இருக்கும்போதே கட்டியாகிவிடும். டர்பனின் ஜனவரிச் சூட்டில் சரியான அளவே சில நிமிடங்களில் இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், வாடை கடுமையானது.

மூலை முழுவதுமாகப் போயிருந்தால் பட்டி பிடிக்க ஒரு பிடிமானம் வேண்டும். பலகையின் கனத்துக்கு நடுவே 2 மி.மீ. துளை இரண்டு, 10 மி.மீ. ஆழத்துக்குப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஆணியைச் சூப்பர் குளூ வைத்துச் செருகுங்கள். தலை வெளியே தெரியாமல் பட்டிக்குள் புதையும் நீளமாக இருக்க வேண்டும். பிறகு நேரான இரண்டு கட்டைகளுக்குப் பார்சல் டேப் சுற்றி, மூலையின் இரண்டு முகத்திலும் அணைகட்டுவதுபோல் க்ளாம்ப் போட்டு நடுவே நிரப்பினால் மூலை நேராக வரும், தேய்க்கும் வேலையும் குறையும். பட்டி பாலாடைக்கட்டிப் பதத்தில் இருக்கும்போதே மிகுந்ததைப் பிளேடால் சீவிவிடலாம். கல்லான பிறகு அரை மணி நேரம் தேய்க்க வேண்டியிருக்கும்.

தேய்க்கும்போது உப்புத்தாளை விரலில் பிடிக்காமல் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் 120, பிறகு 240. மேல்முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் தேய்க்கவே கூடாது. மரக்கோலம் அச்சான அந்தத் தாள் மிக மெல்லியது, நாலு இழுப்பில் அடியிலிருக்கும் பழுப்பு தெரிந்துவிடும். அதை மறைக்க வழியில்லை. தூசிக்கு முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

எட்ஜிங் (பலகையின் விளிம்பை மூடும் பட்டை) ஒட்டும் முன் பர்னிச்சர் பாலிஷ் எண்ணெயை மெத்ஸ் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) தொட்ட துணியால் துடையுங்கள், டர்ப்ஸ் (டர்பன்டைன்) வேண்டாம், அதுவே பிசுக்கு விடும். சிலிக்கோன் சீலன்ட்டை இந்த வேலை முடியும்வரை பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அது பட்ட இடத்தில் பசையும் பெயின்ட்டும் பிடிக்காது. 16 மி.மீ. பலகைக்கு 22 மி.மீ. எட்ஜிங் வாங்கினால் இருபுறமும் 3 மி.மீ. மிஞ்சும். பசை பூசி வரும் மெலமைன் பட்டையை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டலாம்: பெட்டியில் தண்ணீரே இருக்கக்கூடாது, சூடு பருத்தி அளவில், நடுவே ஒரு தாள். பெட்டியை எடுத்ததும் மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே ஆறவிடுங்கள். ஆறும்போதுதான் பிடிக்கிறது. 1 அல்லது 2 மி.மீ. பிவிசி பட்டைக்கு இஸ்திரிப் பெட்டி ஆகாது, நெளிந்துவிடும். அதற்குக் கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் வழுக்கும், உள்ளே குமிழ் நிற்கும். மிஞ்சிய ஓரத்தை அரத்தால் தேய்க்கும்போது பலகையை நோக்கித் தள்ளுங்கள். வெளியே இழுத்தால் பட்டை பெயரும்.

தரை துடைக்கும் தண்ணீர் பட்டு அடிவிளிம்பு உப்பியிருந்தால் கதை வேறு. ஈரத்தோடு மூடினால் உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும். டர்பனில் அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம், காய்வது சிரமம். ஜூன், ஜூலையில் செய்வது நல்லது. முடித்ததும் அடியில் பிளாஸ்டிக் கால் வைத்து 10 மி.மீ. உயர்த்திவிடுங்கள்.

16 மி.மீ. பலகை 19 ஆகியிருந்தாலோ, கீல் திருகு பிடிக்காமல் சுழன்றாலோ பட்டிக்குச் செலவழிக்காமல் போர்டு கடையில் புதுப் பலகை வெட்டி எட்ஜிங் போட்டு வாங்குவதே மலிவு. அளவு கொடுக்கும்போது அது எட்ஜிங்கையும் சேர்த்த அளவா, வெறும் பலகை அளவா என்று சொல்லுங்கள். இருபுறமும் 2 மி.மீ. பட்டை போட்டால் கதவு 4 மி.மீ. அகலமாக வந்து பக்கத்துக் கதவில் முட்டும். பழைய பலகையிலிருந்து ஒரு துண்டையும் நிறம் பார்க்கக் கொண்டுபோங்கள், வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு.