ஓராள் தோணி: இருக்கையைக் கடைசிக்கு விடாதீர்கள்

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கரையில் புதிதாக ஓராள் தோணி பழகுபவர்களைக் கவனித்தால், எல்லோரும் ஒரே ஒழுங்கில் பிழைவிடுவது தெரியும். முதலில் அழகான துடுப்பொன்றை வாங்குகிறார்கள். பிறகு வலிக்கும் முறையை வீடியோவில் பார்த்துப் பழகுகிறார்கள். இருக்கையை மட்டும் யாரோ பூட்டித் தந்தபடியே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் துடுப்பின் நீளத்தையும் வலிக்கும் முறையையும் இருக்கைதான் தீர்மானிக்கிறது. மிதவை அங்கி இல்லாமல் இறங்குவது போன்ற, எவருக்கும் தெரிந்த பிழைகளை இங்கே எழுதவில்லை.

இருக்கையை நட்டநடுவில் பூட்டுவது

தோணியின் நீளத்தை அளந்து, சரிபாதியில் கோடு கீறி, அந்தக் கோட்டிலேயே இருக்கையின் நடுப்பகுதி வரும்படி விளிம்பில் துளை போட்டுவிடுகிறார்கள். அளவு சரி, ஆனால் அதில் இருக்கப்போகும் ஆளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முழந்தாளிட்டாலும் காலை நீட்டி இருந்தாலும் தொடையும் காலும் இருக்கைக்கு முன்னால்தான் வரும். ஆகவே உடம்பின் பாரம் இருக்கையின் முன்விளிம்பை ஒட்டியே விழும். அணியம், அதாவது தோணியின் முன்முனை, தாழ்ந்து, பின்பக்கம் இலேசாகிவிடும். பக்கக் காற்றில் பின்பக்கம் தள்ளுப்பட, அணியம் காற்றை நோக்கியே திரும்பிக்கொண்டிருக்கும். பழகுபவர் தன் வலிப்புத்தான் பிழை என்று நினைத்து, இன்னொரு துடுப்புக்குக் காசைக் கொட்டுகிறார். இதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. இருவர் தோணியில் தனியே ஏறிப் பின் இருக்கையில் இருந்தால் அணியம் தண்ணீரை விட்டுக் கிளம்பி நிற்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுப் பிடிக்கும் பின்னேரத்தில் அந்த அணியத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். காற்றுக்கு எதிரே திருப்பவே முடியாது. இரண்டு முனையும் ஒரே வடிவமான தோணி என்றால், முன் இருக்கையில் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருந்து, அந்தப் பக்கத்தையே அணியமாக்கி ஓட்டுங்கள். அந்த இருக்கை நடுவுக்குக் கிட்ட இருப்பதால் பாரம் ஓரளவு சமப்படும்.

10 செ.மீ. பெரிய வித்தியாசமா என்று கேட்கிறார்கள். 70 கிலோ ஆள் 10 செ.மீ. நகர்வது, 7 கிலோ மூட்டையை ஒரு மீற்றர் தள்ளி வைப்பதற்குச் சமம். சிறிய தோணியில் அது நன்றாகவே தெரியும்.

துளை போட முன்னர் செய்ய வேண்டியது இதுதான். உறுதியான பலகையொன்றை விளிம்புகளுக்குக் குறுக்கே, அல்லது உள்ளே தாழ்வான பெட்டியொன்றின் மேல், கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். முன்விளிம்பு நடுக்கோட்டுக்கு 10 முதல் 20 செ.மீ. பின்னால் இருக்கட்டும். வழக்கமாகக் கொண்டுபோகும் பையையும் தண்ணீர்க் கானையும் ஏற்றி, காற்றில்லாத காலை நேரத்தில் முழங்காலளவு ஆழத்தில் ஏறி இருங்கள். தோணிக்குள் அடித்தளத்தில் ஒரு பேணி தண்ணீரை ஊற்றுங்கள். அது அணியத்துக்கு ஓடினால் பலகையைப் பின்னுக்கு இழுங்கள். பின்பக்கம் வேகமாக ஓடினால் முன்னுக்குத் தள்ளுங்கள். நடுவில் தேங்கினாலும், மெல்லப் பின்னே ஊர்ந்தாலும் சரிதான். அந்த இடத்தில் அடையாளம் போட்டுக்கொண்டு கரைக்கு வாருங்கள்.

பிழையான துளை இலேசில் மறையாது. பைபர் விளிம்புக்குள் மரம் வைத்த தோணிகளில் உப்புத்தண்ணீர் அந்தத் துளைவழியே இறங்கி மரத்தை உளுக்க வைக்கும். சரியான துளைக்கும் உட்சுவரில் எப்பொக்சி பூசிக் காயவிட்டுத்தான் ஆணி போட வேண்டும். ஆணி 316 தரத் துருப்பிடியா உருக்காக இருக்கட்டும். 304 கடல்தண்ணீரில் புள்ளிபுள்ளியாகத் துருவேறும்.

கால் சிக்கும் உயரம்

முழந்தாளிடுபவருக்கு இருக்கையின் முன்விளிம்பு அடித்தளத்திலிருந்து 25 செ.மீ. அளவில் இருக்கலாம், பின்விளிம்பு அதைவிட 2 அல்லது 3 செ.மீ. உயர்ந்து முன்னே சரிய வேண்டும். நீங்கள் போடும் அதே சப்பாத்துடன் காலை உள்ளே விட்டு, சடாரென இழுத்துப் பாருங்கள். குதி தட்டினால், தோணி கவிழும்போதும் தட்டும். அப்போது கால் வெளியே வராது. இருக்கையை உயர்த்துங்கள், அல்லது மெல்லிய சப்பாத்துக்கு மாறுங்கள்.

நைலோன் நாடா

நனைந்தால் தொய்யும். இருக்கையைப் பொலியெஸ்டர் நாடாவால் பின்னுங்கள்.

நின்று நாடிவரை அளந்து துடுப்பு வாங்குவது

தோணிக்குள் இருக்கும்போது கால் நீளத்துக்கு வேலையே இல்லை. பூட்டிய இருக்கையில் இருந்து, மூக்கிலிருந்து நீர்மட்டம்வரை நேராக அளக்கச் சொல்லுங்கள். மேற்பிடியிலிருந்து அலகு, அதாவது துடுப்பின் தட்டையான பகுதி, தொடங்கும் இடம்வரை தண்டு அவ்வளவு நீளம் இருந்தால் போதும். அது 90 செ.மீ., அலகு 48 செ.மீ. என்றால் மொத்தம் 138 செ.மீ. அலகு தண்டோடு நேராக இல்லாமல் சரிந்து நிற்கும் வளைதண்டுத் துடுப்பு அதைவிட 5 முதல் 8 செ.மீ. குறைவாக இருக்கலாம்.

ஆழமான ஏரிகளுக்கென்று செய்த நீண்டு ஒடுங்கிய அலகை இங்கே வாங்காதீர்கள். நம் கடனீரேரியில் பல இடங்களில் அது சேற்றில் குத்தும், சாதாழையை வாரிக்கொண்டு வரும். 20 செ.மீ. அகலமான குட்டை அலகே இங்கு பொருந்தும். பாரத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 50 வலிப்பு என்றால் மணிக்கு 3000. துடுப்பில் 200 கிராம் கூடினால், தோள் ஒரு மணிநேரத்தில் 600 கிலோவை வீணாகத் தூக்குகிறது.

விளிம்பின் வளைவோடு வலிப்பது

தோணியின் பக்கம் வளைந்திருக்கிறது. துடுப்பு அந்த வளைவைப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு வலிப்பும் தோணியைத் திருப்பும். இரண்டு கையும் விளிம்புக்கு வெளியே, தண்டு செங்குத்தாக, தோணியின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டைக்கு இணையாக இழுக்க வேண்டும். இடுப்பைத் தாண்டியும் பலங்கொண்டு இழுத்தால் அலகு தண்ணீரை மேலே வாரும்; பின்பக்கம் அமிழும்.

திசையைத் திருத்த, வலிப்பு இடுப்பை அடையும் நேரத்தில் மேல்கையின் பெருவிரலைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். தண்ணீரை இழுத்த அதே அலகுமுகம் வெளிப்பக்கம் பார்க்கும். சிறிதாக வெளியே தள்ளினால் போதும். அநேகர் பெருவிரலை மேலே திருப்பி அலகைச் சுக்கானாக்கிப் பிடிக்கிறார்கள். தோணி நேராகத்தான் வரும், ஆனால் ஒவ்வொரு வலிப்புக்கும் ஒருமுறை வேகம் அறுபடும்.

வளைதண்டைத் திருப்பிப் பிடிப்பது

அலகு உங்களை விட்டு முன்னே சரிந்து நிற்க வேண்டும். இதை வைத்துத் திசையைத் திருத்த முயலாமல், ஆறேழு வலிப்புக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள்.

வாடைக் காலத்தில் குருநகரிலிருந்து தனியே பழகுவது

வேண்டாம். சோளகம் உங்களைக் கரைக்குத் தள்ளும். வடக்கிலிருந்து வரும் வாடை கரையிலிருந்து வெளியே தள்ளும்.