அரிசி ஆலைக்குள் புறாவும் குருவியும் நுழையாமல் தடுப்பது: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பறவைத் தொல்லை என்றதும் ஆலைக்காரர்கள் முதலில் கணக்குப் போடுவது தின்றுபோகும் நெல்லைத்தான். ஒரு மாடப்புறா நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் தானியம் தின்னும். நூறு புறா வந்தாலும் 3 கிலோதான். பெரிய நட்டம் எச்சத்தில் இருக்கிறது. கூரையைத் தாங்கும் ட்ரஸ் கம்பியில் உட்கார்ந்த புறா, கீழே திறந்து கிடக்கும் புழுங்கல் நெல்லிலோ இன்னும் தைக்காத அரிசி மூட்டையிலோ எச்சமிட்டால், அதன் வழியே வரும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளைச் சலித்தோ புடைத்தோ பிரிக்க முடியாது. இறகும் கூட்டு வைக்கோலும் அரிசியோடு சேர்ந்து மூட்டைக்குள் போகும். உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் 2011-இன் நான்காம் அட்டவணை, உணவு நிறுவனத்துக்குள் பறவை உள்ளிட்ட எந்தத் தொல்லை உயிரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உரிமம் வைத்திருப்பவர்மேல் வைக்கிறது.

அதற்காக விஷம் வைப்பதோ சுடுவதோ கூடாது. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும்கூட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 வேட்டை என்றே வரையறுக்கிறது. தவிர, விஷம் தின்ற பறவை எந்தத் தொட்டிக்குள் விழுந்து சாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே வரும் எல்லாமே வழியை அடைக்கும் வேலை.

முதல் படி: மூன்று நாள் பாருங்கள்

கடைக்குப் போய் வலை வாங்குவதற்கு முன், ஆலையின் தரைப்படம் ஒன்றைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். காலை 6 முதல் 8 வரை, நண்பகல், மாலை 5 முதல் 7 வரை என மூன்று வேளையும், மூன்று நாட்களுக்குச் சுற்றிவந்து, எந்தப் பறவை எங்கே நுழைகிறது, எங்கே தின்கிறது, எங்கே அடைகிறது என்று குறியுங்கள்.

தரையில் எச்சம் ஒரே இடத்தில் குவியலாக இருந்தால், அதற்கு நேர் மேலே இரவில் அடைகிறது. சிதறலாக இருந்தால் பகலில் வந்து உட்காரும் இடம் மட்டுமே. அடையும் இடத்தைப் பறவை எளிதில் விடாது. செலவில் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும்.

என்ன பறவை என்பதைப் பொறுத்தே வலையின் கண் அளவு. மாடப்புறாவுக்கு 50 மி.மீ., மைனாவுக்கு 28 மி.மீ., சிட்டுக்குருவிக்கு 19 மி.மீ. கட்டைவிரல் தாராளமாக நுழையும் இடைவெளியில் குருவியும் நுழைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குருவி இருக்கிற ஆலையில் 50 மி.மீ. வலை கட்டினால், புறா போய்விடும். குருவி வலைக்கு உள்பக்கம் நிம்மதியாகக் கூடு கட்டும். இது அடிக்கடி நடக்கும் தவறு. பச்சைக்கிளி வரும் ஊரென்றால் பிளாஸ்டிக் வலையே வேண்டாம். அலகால் வெட்டிவிடும்; கம்பி வலைதான் நிற்கும்.

இரண்டாம் படி: சிந்தலை நிறுத்துங்கள்

நெல் கொட்டும் குழி, எலிவேட்டரின் அடிப்பகுதி, தவிடு பிடிக்கும் இடம், லாரி நிற்கும் இடம் ஆகிய நான்கில்தான் சிந்தல் அதிகம். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் பெருக்குங்கள். வாரம் ஒருமுறை நன்றாகப் பெருக்குவதைவிட இது பல மடங்கு மேல். கொட்டும் குழிக்கு வேலையில்லா நேரத்தில் மூடி போடுங்கள். கிழிந்த மூட்டையை அட்டியில் ஏற்றாமல் அப்போதே மாற்றுங்கள். ஊறல் தொட்டி வழிந்து தேங்கும் தண்ணீரையும், பாய்லர் பக்கத்துக் குழாய்க் கசிவையும் நிறுத்துங்கள். கோடையில் பறவை தீனிக்கு வருவதைப் போலவே தண்ணீருக்கும் வரும்.

திறந்த களத்தில் காயும் நெல்லை முழுவதுமாகக் காக்க எளிய வழி இல்லை. ஆள் நிற்கும்வரை பறவை குறைவாக வரும். காய்ந்ததும் தாமதிக்காமல் குவித்துத் தார்ப்பாய் போடுவதுதான் செய்யக்கூடியது.

மூன்றாம் படி: கூடுகளைப் பார்த்து நாள் குறியுங்கள்

முட்டையோ குஞ்சோ உள்ள மூலையை அடைத்தால், தாய்ப்பறவை வெளியே நின்று வலையில் மோதிக்கொண்டே இருக்கும். உள்ளே குஞ்சு பட்டினியால் செத்து, நாற்றமும் புழுவும் பேனும் அரிசிக்கு மேலே வரும். செய்யக் கூடாத கொடுமை அது, ஆலைக்கும் கேடு. புறா இரண்டு முட்டையிட்டுச் சுமார் 18 நாள் அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் நான்கைந்து வாரம் ஆகும். குருவிக்கு அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இரண்டு வாரம். அந்த மூலையை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள். கீழே உள்ள சரக்கை நகர்த்துங்கள், இல்லையென்றால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். குஞ்சு பறந்ததும் அன்றே கூட்டை எடுத்துவிடுங்கள். புறா அதே இடத்தில் அடுத்த ஈட்டைச் சீக்கிரமே தொடங்கிவிடும்.

குடோனில் கூகை என்னும் ஆந்தை தங்கியிருந்தால் அதைத் தொல்லைப் பறவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எலி தின்பது. சரக்கில்லாத கொட்டகையில் அதற்கு ஒரு வழியை விட்டுவையுங்கள்.

நான்காம் படி: எச்சத்தைச் சுத்தம் செய்யுங்கள்

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. அந்தத் தூசியில் நுரையீரலையும் மூளை உறையையும் தாக்கும் பூஞ்சைகள் இருக்கலாம். என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது.

கீழே உள்ள சரக்கை அப்புறப்படுத்துங்கள். சோப்புத் தண்ணீரைக் கைத்தெளிப்பானால் மெதுவாகத் தெளித்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே சுரண்டி, இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டுங்கள். பிறகு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து தடவி, 10 நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். அதோடு ஆசிட் எதையும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். துத்தநாகத் தகட்டில் அந்தக் கரைசல் தங்கினால் அரிக்கும் என்பதால் கழுவுவதை விட்டுவிட வேண்டாம். எச்சம் படிந்த இடத்தின்மேல் எந்தப் பசையும் ஒட்டாது. அதனால்தான் இந்த வேலை, பறவை உட்காராமல் விளிம்பில் ஒட்டும் முள்பட்டைக்கும் வலைக்கும் முன்னால் வருகிறது.

ஐந்தாம் படி: சிறு ஓட்டைகள், கதவுகள்

தகரக் கூரை சுவரைத் தொடும் இடத்தில், தகட்டின் ஒவ்வொரு வளைவுக்குக் கீழும் ஒரு ஓட்டை இருக்கும். குருவிக்கு அது வீட்டு வாசல். ஸ்பாஞ்ச் வைத்து அடைத்தால் சில மாதங்களில் குருவியும் அணிலும் பிய்த்துவிடும். வளைவுக்கு ஏற்றபடி வெட்டிய தகட்டை ரிவெட் அடியுங்கள். சன்னலுக்கும் காற்றுப்போக்கிக்கும் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போடுங்கள். தவிட்டுத் தூசி அந்தக் கண்களை அடைத்துக் காற்றை நிறுத்தும். வாரம் ஒருமுறை பிரஷ் போட வேண்டும்.

கதவுக்குப் பி.வி.சி. பட்டைத் திரை நல்ல யோசனைதான். ஆனால் தலையில் மூட்டை சுமக்கும் லோடுமேன்களுக்குப் பட்டை முகத்தில் அடிக்கும், மூட்டையில் மாட்டும். இரண்டாம் நாளே அதை ஓரமாகச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூட்டை போகும் கதவுக்கு, வெல்டு மெஷ் அடித்த லேசான தள்ளுகதவு போடுங்கள். தள்ளுவண்டியும் ஆளும் மட்டும் போகும் வழிக்குப் பட்டைத் திரை போதும்.

ஆறாம் படி: வலை கட்டுவது

கூரையின் அடிப்பகுதி முழுவதும் வலை விரிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். திறப்புகளை அடைக்க முடிந்தால் அதுவே மேல். கூரைக்குக் கீழே விரித்த வலையில் உமித்தூசி படிந்து தொங்கும். அது தீப்பிடிக்கும் பொருள்.

6 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் உள்ள ஒரு கூரையோரத் திறப்பை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 16 மீட்டர். 50 செ.மீ.க்கு ஒன்று வீதம் 32 கண் போல்ட், 2 மி.மீ. துருப்பிடிக்காத கம்பி வடம் 20 மீட்டர், வடத்தைத் திருகி இறுக்கப் பக்கத்துக்கு ஒன்றாக 4 டர்ன்பக்கிள், வடத்தின் முனைகளை அழுத்திப் பிடிக்க 8 பெரூல், 5 செ.மீ.க்கு ஒன்று வீதம் 320 வளையக் கிளிப், சேதத்துக்குச் சேர்த்து 400. வலை 6.5 க்கு 2.5 மீட்டர். வெயிலைத் தாங்கும்படி பதப்படுத்திய, முடிச்சு போட்ட எச்.டி.பி.இ. (அடர்த்தியான பாலித்தீன்) வலையாகக் கேளுங்கள். மலிவான நைலான் வலை வெயிலில் நைந்து விரைவில் கையோடு வரும். இன்னொன்று: கண்ணை இழுத்துப் பிடித்து அளந்தால் 50 மி.மீ. கண் 100 என்று காட்டும். முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுவரை ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள்.

துளையிடும் முன் கீழே உள்ளதை மூடுங்கள். நான்கு மூலை போல்ட்டையும் முதலில் உறுதியாகப் பொருத்துங்கள். இழுவிசை முழுவதும் அவற்றில்தான் விழும். பிறகு இடைப் போல்ட்டுகள். வடத்தைக் கோத்து, டர்ன்பக்கிளைத் திருகி விறைப்பாக்குங்கள். வலையின் ஒரு நேர்விளிம்பை மேல் வடத்தில் மூலையிலிருந்து மூலைக்குக் கிளிப் போட்டுக்கொண்டே வாருங்கள். அடுத்து இரு பக்கமும், கடைசியாகக் கீழும். மேலும் கீழும் கண்களின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வலை கோணிக்கொண்டு ஒரு மூலையில் பை விழும். தொய்ந்த வலையில்தான் பறவை சிக்கிச் சாகும். விரலால் தட்டினால் அதிரும் அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். மிச்சத்தைக் கடைசியில் வெட்டுங்கள்.

ஏணி ஏறும்போது எத்தனை கிளிப் கொண்டுபோனீர்கள், எத்தனை மிச்சம் என்று எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் தரையில் காந்தம் ஓட்டுங்கள். அரிசியில் ஒரு கிளிப் போனால், இத்தனை பாடும் வீண்.

கடைசித் திறப்பைக் காலை 10 மணிவாக்கில், பறவைகள் மேய வெளியே போயிருக்கும்போது மூடுங்கள். உள்ளே சிக்கியது இருந்தால் விளக்குகளை அணைத்து, உயரமான ஒரு திறப்பை மட்டும் விட்டுவையுங்கள். வெளிச்சத்தை நோக்கிப் போகும். புறா மிரண்டால் மேலேயே பறக்கும், தாழ்ந்த கதவு அதன் கண்ணில் படாது. போகாவிட்டால் இரவில் டார்ச்சோடு ஏணி வைத்து எடுத்துவிடலாம். இருட்டில் புறா பெரும்பாலும் அசையாது.

ஏழாம் படி: விளிம்புகள்

வலை போட முடியாத வெளிச்சுவர் விளிம்பில் ஸ்டீல் முள்பட்டை ஒட்டலாம். 10 செ.மீ. அகலம்வரை ஒரு வரிசை போதும். ஓரத்தில் 5 செ.மீ.க்குமேல் இடம் விடாதீர்கள். குருவிக்கு முள்பட்டை உதவாது. வைக்கோலைச் செருகி அதிலேயே கூடு கட்டும். அங்கே சிமெண்ட் பூசி 45 டிகிரிக்குக் குறையாத சரிவு கொடுங்கள்.

அந்துருண்டை கட்டாதீர்கள், அரிசியில் வாசனை ஏறும். மீயொலிக் கருவியை வாங்க வேண்டாம். அந்த ஒலி பறவைக்கே கேட்காது. ஆந்தை பொம்மையின் தலையில் சில நாட்களில் புறா உட்கார்ந்திருக்கும். தவிட்டுத் தூசி உள்ள இடத்தில் பட்டாசு வெடிப்பது ஆலையையே எரிக்கும்.

பிறகு

முதல் சில வாரங்கள் பழைய புறாக்கள் தினமும் திரும்பிவந்து வலையில் முட்டிப் பார்க்கும். அந்த நாட்களில் காலையும் மாலையும் சுற்றிப் பாருங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை. டர்ன்பக்கிள் தளர்வு, எலி கடித்த கண், மின்வேலைக்காரர் விளக்கு மாற்ற அவிழ்த்துவிட்டுக் கட்டாமல் போன மூலை ஆகிய மூன்றையும் தேடுங்கள். மூன்றாவதுதான் அதிகம் அகப்படும். விளக்கு இருக்கும் இடத்தில் முதலிலேயே வலையில் ஜிப் வைத்துத் தைத்துவிட்டால், அவர் அவிழ்க்க வேண்டிய தேவையே வராது.