பழைய புல்லட்டில் 'டக் டக்' சத்தம்: எங்கிருந்து வருகிறது?

காஸ்ட் அயர்ன் எஞ்சின் உள்ள பழைய புல்லட்டில் கொஞ்சம் சத்தம் இயல்புதான். புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து, முனையை எஞ்சினில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேளுங்கள். எங்கே உரக்கக் கேட்கிறதோ அதன் அருகில்தான் கோளாறு.

சீரான, மெல்லிய 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் டேப்பட் (வால்வைத் திறக்கும் அமைப்பின் ஒரு பாகம்) தளர்ந்திருக்கும். அதைச் செட் செய்ய எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் செட் செய்தால் அளவு தவறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தைச் சுற்றி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் (பிஸ்டன் மேலேறி கலவையை அழுத்தும் கட்டம்) உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். வலப்பக்க டேப்பட் மூடியைத் திறந்தால் புஷ்ராடு (வால்வைத் திறக்க அசைவைக் கடத்தும் கம்பி) தெரியும். விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அப்படி இல்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி அளவைச் சரிசெய்யுங்கள். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி உருட்டிப் பாருங்கள், இறுக்கும்போதே அளவு மாறுவதுண்டு. டேப்பட் இடைவெளியின்றி அதிகம் இறுகினால் வால்வு சரியாக மூடாது, கருகும். சத்தத்தைவிட அதுதான் பெரிய செலவு.

கிளட்சைப் பிடித்ததும் சத்தம் மாறினால் இடப்பக்கம் கிளட்சையும், எஞ்சினைக் கிளட்சோடு இணைக்கும் பிரைமரி செயினையும் பாருங்கள்; செயின் ஆட்டம் சுமார் 6 மி.மீ. போதும்.

குளிரில் கேட்டு, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் தேய்மானம்; அவசரமில்லை. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்றால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) பேரிங் தேய்ந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள், வண்டியை ஓட்டிப்போகாமல் ஏற்றிப்போங்கள்.