ஸ்டாக்ஹோமில் சாப்பிடப் போகிறீர்களா? முதலில் மணியைப் பாருங்கள்

ஜூன் மாதத்தில் ஸ்டாக்ஹோமுக்கு முதல்முறை வருகிறவரை ஏமாற்றுவது கடைக்காரர் இல்லை, சூரியன். இரவு பத்து மணிக்குத்தான் மறையும். நான் வந்த முதல் வாரத்தில், ஊரின் தெற்கே உள்ள சோடர்மால்ம் தீவின் மேட்டில் உட்கார்ந்து கீழே போகும் படகுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் நன்றாக அடிக்கிறதே, சாயங்காலம்தானே என்று நிதானமாக எழுந்து ஓர் உணவகத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதே முக்கால். மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள், கையில் கோப்பைகள் இருந்தன, தட்டு மட்டும் எங்கும் இல்லை. "கிச்சன் மூடியாச்சு" என்று பரிமாறும் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைய என் இரவுச் சாப்பாடு, ரயில் நிலையத்துப் பெட்டிக்கடையில் வாங்கிய ஒரு சாசேஜ் பன்.

இந்த ஊருக்கு வருகிற நண்பர்கள் எல்லோரும் "எங்கே சாப்பிடலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டாக்ஹோமில் பணம் வீணாவதும் வயிறு காய்வதும் பெரும்பாலும் அந்தக் கேட்காத கேள்வியால்தான்.

மதியத்தை சாண்ட்விச்சோடு முடித்துக்கொள்வது

தவறுகளிலேயே பெரியது இதுதான். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மதியம் கையில் ஒரு சாண்ட்விச்சோடு நடந்துவிட்டு, இரவில் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் செய்வது நேர் எதிர்.

வேலை நாட்களில் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை ஊர் முழுக்க 'தாகென்ஸ் லஞ்ச்' நடக்கும். 'தாகென்ஸ் ரெட்' என்றும் பலகையில் எழுதியிருப்பார்கள். அன்றைய சாப்பாடு என்று பொருள். அலுவலக ஊழியர்களுக்காக ஏற்பட்ட வழக்கம் இது. மீன் ஒன்று, இறைச்சி ஒன்று, சைவம் ஒன்று என்று இரண்டு மூன்று வகை இருக்கும். 130லிருந்து 160 குரோனருக்குள் முடிந்துவிடும். ஸ்வீடனின் பணமான குரோனரை நம்மூர் ரூபாயாக்கிக் கணக்குப் போட்டால் இது மலிவாகத் தெரியாதுதான். ஆனால் அந்த விலைக்குள் சாலட், ரொட்டி, வெண்ணெய், தண்ணீர், கடைசியில் காபி எல்லாமே அடக்கம். அதே உணவகத்தில் அதே சமையல்காரர் இரவில் செய்யும் ஒரு பதார்த்தம் மட்டும் 250, 300 குரோனர் ஆகும். காபிக்குத் தனிக் காசு.

இதில் புதியவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. உள்ளே போய் மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருப்பார்கள். பல இடங்களில் யாரும் வரமாட்டார்கள். வாசலருகே கல்லாவில் முதலில் காசைக் கட்டி, தட்டு ஏந்திக்கொண்டு சாலட் மேசைக்குப் போக வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கொண்டுபோய் அதற்கான அலமாரியில் நீங்களே வைக்க வேண்டும். கிஸ்தாவில், ஐடி நிறுவனங்கள் குவிந்திருக்கும் அந்தப் பக்கத்தில், பிராஜெக்டுக்காக வந்திறங்கும் நம்மவர்கள் முதல் நாள் இந்தச் சாலட் மேசையைப் பார்த்துவிட்டு "இதற்கு எவ்வளவு?" என்று கேட்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நானும் கேட்டவன்தான்.

பதினொன்றரைக்குப் போய்விடுங்கள். பன்னிரண்டுக்கு வரிசை வாசல்வரை நீளும். ஒன்றரைக்குப் போனால் மீன் தீர்ந்து, சாலட் கிண்ணத்தின் அடியில் வெள்ளரிக்காய்த் தண்ணீர்தான் மிச்சமிருக்கும். சனி, ஞாயிறுகளில் பெரும்பாலான இடங்களில் இந்தச் சலுகையே கிடையாது. சுற்றுலாத் திட்டம் போடும்போது நல்ல சாப்பாட்டை வேலை நாட்களுக்கு வைத்துக்கொண்டு, வார இறுதியை சாண்ட்விச்சுக்கு விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

வியாழக்கிழமையைத் தவறவிடுவது, தெரியாமல் மாட்டிக்கொள்வது

வியாழக்கிழமை மதியம் ஸ்வீடன் முழுக்க மஞ்சள் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் சாப்பிடுகிற நாள். ராணுவ உணவுக்கூடங்களில்கூட அதுதான். கெட்டியான சூப், ஓரத்தில் ஒரு கரண்டி கடுகு விழுது, பின்னால் ஜாமும் க்ரீமும் வைத்த மெல்லிய பான்கேக். பட்டாணி சூப் என்றதும் நம்மவர்கள் "அப்பாடா, சைவம்" என்று வாங்கிவிடுவார்கள். வழக்கமான செய்முறையில் அதில் பன்றி இறைச்சி உண்டு. துண்டு கண்ணில் படாவிட்டாலும் வேகவைத்தது அதோடு சேர்த்துத்தான்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஸ்வீடனின் அடையாளமான இறைச்சி உருண்டை, அதாவது ஷொட்புல்லர், பெரும்பாலும் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்த கொத்துக்கறி. இரண்டில் எதைத் தவிர்ப்பவராக இருந்தாலும் கேட்காமல் வாங்கக் கூடாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கிடைக்கும் 'யான்சன்ஸ் ஃப்ரெஸ்டெல்ஸே' பார்க்க உருளைக்கிழங்கும் க்ரீமும் போட்டுச் சுட்ட சாதுவான பதார்த்தம்; உள்ளே உப்பும் மசாலாவும் ஊறிய பொடிமீன் இருக்கும். கறுப்பாக, கேக் துண்டு போல வறுத்து, லிங்கன்பெர்ரி என்ற புளிப்பான சிவப்புப் பழத்தின் ஜாமோடு தருவது ரத்தத்தில் செய்தது.

உணவகங்கள் ஒவ்வாமை பற்றிக் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பால், முட்டை, மீன், கொட்டை என்று பதினான்கு பொருட்களுக்கு அந்த விதி பொருந்தும். மாடும் பன்றியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வாமை அட்டவணையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், வாயைத் திறந்து கேளுங்கள். 'ஃப்ளெஸ்க்' என்றால் பன்றி, 'நொட்ஷொட்' என்றால் மாடு. ஆங்கிலத்தில் கேட்டாலும் தெளிவாகப் பதில் சொல்வார்கள். இன்னொன்று, 'வெகெடாரிஸ்க்' என்றால் முட்டை இருக்கலாம். நம்மூர் அர்த்தத்தில் முட்டையும் கூடாது என்றால் 'வேகன்ஸ்க்' என்று கேட்பதுதான் பத்திரம். பாலையும் சேர்த்து இழக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. சைவத்துக்கு இந்த ஊர் மோசமில்லை. சோடர்மால்மின் பாறை விளிம்பில், ஃபியெல்காத்தன் தெருவில் உள்ள ஹெர்மன்ஸ் பல ஆண்டுகளாகப் பெயர் வாங்கிய சைவ பஃபே. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

பழைய நகரத்தின் பெரிய தெரு

பழைய நகரமான கம்லா ஸ்தானுக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை, போகவும் வேண்டும். அங்கே வெஸ்டர்லோங்காத்தன் என்ற கடைத்தெருவில் பசி வந்ததும் முதலில் கண்ணில் படும் இடத்தில் உட்காருவதுதான் பிழை. வாசலில் ஆறு மொழிகளில் படத்தோடு மெனு, உள்ளே அழைக்க ஓர் ஆள், கூரையில் வைக்கிங் கொம்பு. இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே நான் நடையைக் கட்டிவிடுவேன். அப்படி ஓர் இடத்தில் ஒருமுறை இறைச்சி உருண்டை வாங்கினேன். ஓரம் சூடாகவும் நடு சில்லென்றும் இருந்தது. விலை மட்டும் எல்லாப் பக்கமும் சூடு.

அதற்கு இணையாக ஓடும் ஓஸ்டர்லோங்காத்தன் அமைதியானது. அதில்தான் 1722இல் தொடங்கிய 'டென் யில்லென ஃப்ரேடென்' இருக்கிறது. ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் வாங்கிப் புதுப்பித்தது. அவருக்குப் பின் ஸ்வீடிஷ் அகாதமியின் கைக்குப் போனது. இலக்கிய நோபலை முடிவு செய்யும் அதே அகாதமிதான், உறுப்பினர்கள் வியாழக்கிழமை இரவுகளில் அங்கே கூடிச் சாப்பிடுவது வழக்கம். இரவில் பர்ஸ் தாங்காது. பழைய இடத்தில் உட்கார ஆசைப்பட்டால் மதிய நேரம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இறைச்சி உருண்டைதான் வேண்டும் என்றால் பாலத்தைத் தாண்டி சோடர்மால்முக்குப் போய்விடலாம். பெலிக்கான் நூறாண்டு தாண்டிய பியர் கூடம், உயரமான கூரை, உருண்டையும் அதற்கேற்ற பருமன். நல்ல தட்டுக்கு அடையாளம்: மசித்த உருளைக்கிழங்கு, க்ரீம் குழம்பு, அரைத்துக் கூழாக்காத லிங்கன்பெர்ரி, மெல்லியதாகச் சீவி ஊறவைத்த வெள்ளரி. வெள்ளரி இல்லாமல் வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உணவுச் சந்தைகளிலும் நேரக்கணக்கு உண்டு. ஓஸ்டர்மால்ம் சந்தைக் கூடம் 1888இல் கட்டிய செங்கல் கட்டடம், பல வருடப் புதுப்பிப்புக்குப் பின் 2020இல் மறுபடி திறந்தார்கள். கண்ணுக்கு விருந்து, விலை கொஞ்சம் அதிகம். ஹோத்தொர்யெட் சதுக்கத்தின் அடியில் உள்ள கூடத்தில் காய்ஸாஸ் ஃபிஸ்க் என்ற கடையின் மீன் சூப் பிரபலம், ரொட்டியும் கூடவே வரும். பகல் பன்னிரண்டரைக்குப் போனால் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டியிருக்கும்.

சில்லறைத் தவறுகள்

நோட்டை நீட்டாதீர்கள். நிறைய இடங்களில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள், அட்டைதான். ஊர்க்காரர்கள் போனில் பணம் அனுப்பும் ஸ்விஷ் செயலி இந்த நாட்டு வங்கிக் கணக்கு இருந்தால்தான் வேலை செய்யும்.

தண்ணீர் கேட்கும்போது 'க்ரான்வத்தன்' என்று சொல்லுங்கள், குழாய்த் தண்ணீர். நல்ல தண்ணீர், பெரும்பாலும் இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறிவிடலாம்.

அட்டை இயந்திரம் டிப்ஸ் கேட்டு ஒரு கட்டத்தைக் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மெனு விலையில் வரி உட்பட எல்லாம் சேர்ந்துதான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு யாரும் டிப்ஸ் வைப்பதில்லை. இரவில் மேசைக்கு வந்து நன்றாகக் கவனித்தால் ஐந்து, பத்து சதவீதம் சேர்ப்பார்கள்.

வெள்ளி, சனி இரவுகளில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஆறு மணிக்கே கூட்டம் தொடங்கிவிடும். ஜூலையில் இன்னொரு வில்லங்கம்: ஊரே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் உள்ளூர்க்காரர்கள் போகும் சின்ன உணவகங்கள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். ஜூனில் வரும் மிட்சம்மர் என்ற கோடைத் திருவிழா வெள்ளிக்கிழமையன்றும் டிசம்பர் 24 அன்றும் வீட்டில் ரொட்டியாவது வாங்கி வைத்திருங்கள்.

டிசம்பரில் வந்தால் 'யூல்பூர்ட்' என்ற கிறிஸ்துமஸ் பஃபே உண்டு. இரவைவிட மதியத்தில் விலை குறைவாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவிக்கிற பழக்கம் நமக்கு உண்டே, அதை அன்றைக்கு மறந்துவிட வேண்டும். முதல் தட்டில் ஊறவைத்த ஹெர்ரிங் மீன் மட்டும். அடுத்து புதுத் தட்டு, மற்ற குளிர்ந்த மீன்கள். அப்புறம் குளிர்ந்த இறைச்சி, அதன் பிறகு சூடானவை, கடைசியில் இனிப்பு. ஒவ்வொரு முறையும் தட்டை மாற்றுவார்கள். முதல் வருடம் நான் ஹெர்ரிங்குக்குப் பக்கத்திலேயே இறைச்சி உருண்டையை வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த சக ஊழியர் ஒன்றும் சொல்லவில்லை, கடுகு ஊறின குழம்பு என் உருண்டையை நோக்கி மெதுவாக நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு நேரம் தப்பிவிட்டால், என் முதல் வாரக் கதை உங்களுக்கும் நடந்தால், சாசேஜ் கடையில் 'துன்ப்ரொட்ஸ்ருல்லே' கேளுங்கள். மெல்லிய ரொட்டிக்குள் சாசேஜ், மசித்த கிழங்கு, மேலே மயோனைஸ் போட்ட இறால் சாலட் வைத்துச் சுருட்டித் தருவார்கள். கேட்க விபரீதமாக இருக்கும். குளிரில் நின்று சாப்பிட்டால் புரியும். சாசேஜ் வேண்டாதவர்களுக்கு, கொண்டைக்கடலை வடை போன்ற ஃபலாஃபெல் விற்கும் கடைகள் இருக்கின்றன.

ஃபீக்கா, அதாவது காபியும் பலகாரமும், அதற்கும் நேரம் பார்க்க வேண்டும். பேக்கரிகள் பல ஆறு மணிக்கெல்லாம் மூடிவிடும். செம்லா என்ற க்ரீம் பன் புத்தாண்டு முதல் ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய செவ்வாய்வரைதான் களைகட்டும். ஆகஸ்டில் தேடிப் பயனில்லை. ஏலக்காய் பன் ஆண்டு முழுக்க உண்டு. ஏலக்காயைப் பொடியாக்காமல் கொரகொரவென்று இடித்து, கடிக்கும்போது பல்லில் மாட்டும்படி போடுகிறார்கள். நம்மூர் ஏலக்காய் வாசனையைத் தேடுகிறவர்கள் அதை விடக் கூடாது. குங்ஸ்காத்தனில் 1928லிருந்து இருக்கும் வேட்டே-காட்டன் போல உட்காரும் இடத்துக்கு மூன்று மணிக்குள் போய்விடுங்கள். எங்கள் தெருமுனை பேக்கரிக்கு ஒரு சனிக்கிழமை ஐந்தரைக்குப் போனேன். தட்டில் சர்க்கரையும் நாலு கறுப்பு ஏலக்காய் விதையும் ஒட்டிக்கொண்டிருந்தன.