ஆயில் ஒழுகும் பழைய காரும் பிடி கொடுக்காத மெக்கானிக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சார், கிராங்க் சீல் போச்சு. கியர்பாக்ஸ இறக்கணும்."

என்னுடைய 1998 மாடல் மாருதி 800-ஐ மெக்கானிக் அண்ணன் பார்த்தது மொத்தம் அரை நிமிடம். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் குனிந்து விரலால் தடவினார், கறுப்பாக ஆயில் ஒட்டிய விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார், தீர்ப்பைச் சொல்லிவிட்டார். கிராங்க் சீல் என்பது எஞ்சினின் சுழலும் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம். நானாவது சும்மா இருந்திருக்கலாம். அவருடைய பையன்கள் இரண்டு பேர் ஸ்பானரோடு நின்று கேட்டுக்கொண்டிருக்க, "இல்லண்ணே, டேப்பட் கவர் பேக்கிங்தான் போயிருக்கும், யூட்யூப்ல பார்த்தேன்" என்றேன். எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கைச் சொன்னேன். அவ்வளவுதான். பையன்கள் எதிரில் சொன்ன சொல்லை இனி அவர் மாற்றிக்கொள்ள முடியாது. கடைசியில் பார்த்தால் நான் சொன்னதும் தப்பு, அவர் சொன்னதும் தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படி அடம்பிடிக்கும் மெக்கானிக்கை உடனே ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. நாற்பது ஐம்பது ரூபாய் ரப்பர் வளையத்தை மாற்றி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வேறொரு இடத்தில் ஒழுகினால், "நீங்க கை வெச்சதிலிருந்துதான்" என்று நாம்தானே போய் நிற்போம்? அதற்குப் பயந்தே பலர் பெரிய வேலையாகச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் பிரித்து மாட்டிவிட்டால் திரும்பி வராது என்ற கணக்கு.

அதனால் "என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். கேட்டால் தீர்ப்புதான் வரும். "எந்த இடத்துலேருந்து வருது, கொஞ்சம் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். காட்டுவதற்கு அவர் டார்ச்சை எடுத்தாக வேண்டும்.

ஆயில் கிளம்பும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. மேலே கசிவது எஞ்சின் உடம்போடு வழிந்து கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே தரையில் சொட்டும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. நனைந்திருக்கும் இடங்களில் எது ஆக உயரத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். கார்புரேட்டர் வைத்த பழைய 800-இல் இப்படி ஏமாற வைக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அதில் இருக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் வருடக்கணக்கில் சூடுபட்டு இறுகிப்போனால், ஆயில் பின்பக்கமாக வழிந்து, கிராங்க் சீல் போனால் எங்கே நனையுமோ சரியாக அங்கேயே வந்து இறங்கும். கீழேயிருந்து மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கண்டுபிடிக்க எஞ்சினைச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் வண்டியை நேராக வாட்டர் வாஷுக்கு விட்டுவிடுகிறார்கள். பழைய வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தண்ணீர் அடித்து ஏறிவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. வந்த வேலை போய்ப் புது வேலை வரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, கொஞ்சம் டீசலும் பழைய பிரஷும் கொண்டு சந்தேகப்படும் இடங்களைத் தேய்த்து, துணியால் நன்றாக உலரத் துடைத்தால் போதும். காய்ந்த இடத்தில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். வெள்ளையில் ஈரக்கோடு விழுந்திருக்கும், கோட்டின் மேல்முனைதான் கசியும் இடம். துடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று போட்டுவிட்டால் பழையபடி எல்லா இடமும் நனைந்துவிடும், துடைத்தது வீண்.

இன்னொன்று, எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரியாமலே பயப்படுவது. 1 மில்லி என்பது சுமார் 20 சொட்டு. இரவில் பத்து சொட்டு விழுந்தாலும் மாதத்துக்கு 15 மில்லிதான் ஆகிறது. தரையைப் பார்த்தால் ஏதோ கொலை நடந்த மாதிரி இருக்கும், அது வேறு விஷயம். ஓடும்போது அழுத்தத்தில் போவதுதான் பெரும்பாலும் அதிகம், அதைத் தரை காட்டாது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்தான் காட்டும். சமதளத்தில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் வாரம் ஒருமுறை பார்த்துத் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் "ரொம்ப ஒழுகுது" என்பதைவிட "ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும்.

"சிவப்பு விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடவே கூடாது. அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தம் போய்விட்டதைச் சொல்கிறது. ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். அதேபோல் சைலன்சர் மேனிஃபோல்டில் சொட்டிப் புகை நாற்றம் வந்தாலோ, டைமிங் பெல்ட் பக்கம் நனைந்தாலோ தள்ளிப்போட வேண்டாம். முன்னது தீப்பிடிக்கலாம், பின்னதில் ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் கெட்டு அறுந்துவிடும்.

குறுக்கு வழிகள்? லீக்கை நிறுத்தும் என்று ஊற்றும் மருந்து சுருங்கிய ரப்பரைக் கொஞ்ச நாள் ஊற வைக்கும், வெடித்த ரப்பரை ஒட்டாது. கெட்டியான ஆயில் ஊற்றினாலும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். பேக்கிங்கை மாற்றாமல் டேப்பட் கவர் போல்ட்டை மட்டும் முறுக்கச் சொல்வதும் வேண்டாம். அதிகம் முறுக்கினால் பேக்கிங் பிதுங்கும், கவர் வளையும், முன்பைவிட அதிகமாக ஒழுகும். சிலிக்கான் பசையை பல் விளக்கும் பேஸ்ட் மாதிரி பிதுக்குகிறவர்களும் உண்டு. உள்ளே தள்ளப்பட்ட பசை பிய்ந்து போய் ஆயில் வடிகட்டியை அடைத்தால், லீக்கே தேவலை என்று ஆகிவிடும்.

எந்த சீல் மாற்றுவதற்கு முன்னாலும், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் ப்ரீதர் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் காற்று நெருக்கி, புது சீல் போட்டிருந்தாலும் அதைத் தாண்டி ஆயிலைத் தள்ளும். ஐடிலில் ஓட விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குழாய் சுத்தமாக இருந்தும் குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது "எஞ்சின் வேலை இருக்கு" என்கிற மெக்கானிக் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

காசு விஷயம். "பார்த்து செய்யுங்க" என்ற இரண்டு சொல்லைப் போல நமக்குச் செலவு வைத்தது வேறெதுவும் இல்லை. பிரித்ததும் போட்டோ அனுப்பிவிட்டு, நான் சரி என்றபிறகு மாற்றுங்கள் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். மலிவாக இருக்கிறது என்று நாமே சென்னையில் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜிபி ரோட்டில் சாமான் வாங்கிக்கொண்டு போனால், மறுபடி ஒழுகும்போது "சார் வாங்கின சாமான்" என்று பழி நம் தலையில் விழும். எங்கே வாங்குவது என்று அவரையே சொல்ல வைத்து வாங்குங்கள். நிஜமாகவே கியர்பாக்ஸ் இறங்கினால் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் கையோடு பார்த்துவிடுங்கள். அதற்காக இன்னொரு முறை லேபர் கொடுக்க வேண்டியிருக்காது. வேறு மெக்கானிக்கிடம் போவதாக இருந்தால் போல்ட் கழறும் முன்பே போய்விடுங்கள். பாதி பிரித்த வண்டியை வாங்கிக்கொள்ள யாரும் முன்வர மாட்டார்கள்.

என் வண்டிக்கு வருகிறேன். இரண்டு நாள் விட்டு, பையன்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துப் போனேன். "அண்ணே, எப்படியும் இறக்கத்தான் போறீங்க. அதுக்கு முன்னாடி மேல துடைச்சுட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?" என்றேன். "போய்ட்டு வாங்க" என்றார். திரும்பி வந்து பானெட்டைத் திறந்தபோது டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே பவுடரில் விரல் அகலத்துக்கு ஈரம். அவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருந்த நிலையை ஹெட்டில் ஒரு கோடாகக் கீறினார். திரும்ப மாட்டும்போது டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், மாறாமல் இருக்கத்தான். பிறகு கழற்றி ஓ-ரிங்கைப் பிதுக்கி எடுத்து இரண்டு விரலால் வளைத்தார். பழைய வளையல் மாதிரி பட்டென்று உடைந்தது.

"இதுவும் போயிருக்கு சார்" என்றார்.

அந்த "இதுவும்" என்பதை நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். புது ஓ-ரிங் போட்டு இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, அடியில் துளி ஈரமில்லை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் குனிந்து அதே இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கிராங்க் சீல் எப்ப வேணா போயிடும் சார்" என்கிறார்.