மைக்கில் ‘திடீர்’ என்று சொல்வதற்கு முன்

ராமேஸ்வரம் தீவின் வடகரை. நாட்டுப்படகுகள் தரைதட்டி ஒருக்களித்துக் கிடக்கின்றன. நேற்று இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் சேறும் சிப்பியும் தெரிகிறது. சமுதாய வானொலிக்கு நான் பேச வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பார்த்த சூட்டில், ‘திடீர் பருவநிலை மாற்றம், கடல் உள்வாங்கிவிட்டது’ என்று நேரலையில் அடித்துவிட்டேன். பாட்டு முடிவதற்குள் போன் வந்தது. “தம்பி, அமாவாசை கழிஞ்சு ரெண்டு நாளு. காத்தும் மாறியிருக்கு. சாயங்காலம் வந்து பாருங்க, படகு மெதக்கும். இதுக்குப் போயி மாற்றங்கிறீங்களே!”

மெதந்தது.

இந்தக் கரையில் காற்றும் ஓதமும் (கடலின் ஏற்ற இறக்கமும்) சேர்ந்து தண்ணீரை இழுப்பது வழக்கம். நிலநடுக்கத்துக்குப் பிறகு நிமிடக்கணக்கில் கடல் பின்வாங்கினால் அது வேறு. அப்போது காரணம் பேசக்கூடாது, மேட்டுக்கு ஓடச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே குரலில் சொன்னால், நிஜமாக ஓட வேண்டிய நாளில் யாரும் நம்மை நம்ப மாட்டார்கள்.

சிக்கல் அந்தச் சொல்லில்தான். விஞ்ஞானிகளின் ‘திடீர்’ வேறு, வலை இழுப்பவரின் ‘திடீர்’ வேறு. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் ‘யங்கர் டிரையாஸ்’ என்ற குளிர்காலகட்டம் முடிந்தபோது, கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளுக்குள் வெப்பம் பல டிகிரி ஏறியிருக்கிறது. புவியின் கணக்கில் அது கண்மூடித் திறக்கும் நேரம். கேட்பவருக்கோ திடீர் என்றால் கரை சேர்வதற்குள் கச்சான் காற்று கிளம்புவது. அதனால், புதிதாக மைக் பிடிப்பவர்களே, விருந்தினர் ‘திடீர் மாற்றம்’ என்றதுமே, “எத்தனை வருஷத்துல சார்?” என்று குறுக்கே கேட்டுவிடுங்கள். பேராசிரியர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு அவர்களே நன்றாகப் பேசுவார்கள்.

திட்டு வாங்கியபின் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். எது நடந்தாலும் ‘வழக்கமானதுதான்’. அதுவும் தப்பு. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அதைப் பற்றிப் பேசும்போது சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும், எனவே பெய்யும்போது வலுத்துப் பெய்யும் வாய்ப்பு கூடுகிறது, இந்த ஒரு மழையில் அதன் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாக ஆராய்ந்துதான் சொல்ல முடியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக்கூடப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடும் விருந்தினர்கள் உண்டு!

அதேபோல, 2024-ம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் கூடியதும் ‘பாரிஸ் ஒப்பந்தம் முடிந்தது’ என்றார்கள். வெப்ப உயர்வை அந்த 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயலும் அந்த உலக ஒப்பந்தம் பேசுவது பல்லாண்டுச் சராசரியை. ஓராண்டுக் கணக்கை வைத்து அதற்கு இழவு கொட்டக்கூடாது.

அதிகம் தப்பாகப் பேசப்படுவது பவளப்பாறை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. வெளுத்தால் செத்தது என்று அறிவிப்பாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால், பவள உயிரி தன் உடம்பில் குடியிருந்து உணவூட்டும் நுண்பாசியை வெளியே தள்ளுகிறது. நிறம் போய், தோல் வழியே சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. பட்டினிதான், சாவு இல்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், நிறமும் திரும்பும். தணியாவிட்டால்தான் சாகும். கடலில் முங்கிக் கடல்பாசி பறித்து விற்கும் அக்கா ஒருவர் எங்கள் நிகழ்ச்சியில் இதை ஒரே மூச்சில் சொன்னார்: “வெள்ளையா இருந்தா பயப்படாதீங்க. அது மேல அழுக்குப் பச்சையா படிய ஆரம்பிச்சா, அப்ப பயப்படுங்க.”

அவரை முதலில் ‘அனுபவம் சொல்ல’ ஐந்து நிமிடத்துக்கு மட்டும்தான் அழைத்திருந்தோம். மதுரையிலிருந்து வந்த விருந்தினருக்கோ ஐம்பது நிமிடம்! விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி முங்கி எழுபவரை ஓரத்தில் உட்காரவைத்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, பாசி எடுக்கும் இந்தப் பெண்களின் தொழில் குற்றமாகிவிட்டது. பின்னாளில் மாதத்தில் சுமார் 12 நாள்தான் எடுப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தாங்களே வரம்பு கட்டிக்கொண்டார்கள். ‘சுற்றுச்சூழலா, வயிற்றுப்பாடா’ என்று பட்டிமன்றத் தலைப்பு வைத்தால் இவர்கள் எந்த அணியில் உட்காருவார்கள்? அந்தத் தலைப்பை வைக்காதீர்கள்.

சுற்றுச்சூழல் போராட்டக்காரர்களை அழைக்கும்போது இன்னொன்றும் உண்டு. சமுதாய வானொலி உரிமத்தில் அரசியல் செய்திக்கு இடமில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து இறால் பண்ணைக் கழிவைப் பற்றிக்கூடப் பேச மறுக்கும் நிலையங்கள் இருக்கின்றன; அது பயம், விதி அல்ல. தண்ணீர், வானிலை, மீன்வளம் எல்லாம் தாராளமாகப் பேசலாம். ஒருவர்மீது குற்றம் சொன்னால் அவரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள், போதும்.

பாம்பனில் 1-ம் எண் கூண்டு ஏற்றினால் ‘புயல் வந்துவிட்டது’ என்று அலறாதீர்கள். தூரத்தில் உருவாகிறது, துறைமுகத்துக்கு இன்னும் பாதிப்பில்லை என்பதே அதன் பொருள். 11 எண்களுக்கும் பொருள் எழுதி மைக் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.

கடைசியாக மறுஒலிபரப்பு. டிசம்பரில் பதிவு செய்த பேட்டியை மே மாதத்தில் போட்டோம். ‘நாளை மறுநாள் கடல் கொந்தளிக்கும்’ என்ற வரி நடுவில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்தத் துண்டு மட்டும் வாட்ஸ்அப்பில் தொண்டி வரை போய், இரண்டு ஊரில் நாட்டுப்படகுக்காரர்கள் தொழிலுக்குப் போகவில்லை. அந்த ஒரு நாள் வயிற்றுப்பாட்டுக்கு யார் பதில் சொல்வது? இப்போது பதிவின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை தேதி சொல்கிறோம். ‘நாளை’ என்று விருந்தினர் வாயில் வந்தால் நிறுத்தி, கிழமையும் தேதியும் சேர்த்து மறுபடி சொல்லச் சொல்கிறோம்.